பகடைப் பெட்டி – வாசகர் கேள்வி பதில்: பேராசைக்காரக் கேரக்டரை எப்படி ஆடுவது?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் ஃபேன்டசி ரோல்பிளேயிங் ஆட்டங்களைப் பற்றி வந்த கேள்விகளில், பேராசை தொடர்பானவற்றை மட்டும் இம்முறை எடுத்திருக்கிறோம். புதிதாகப் படிப்பவர்களுக்கு: கதையையும் எதிரிகளையும் நடத்துபவர் டிஎம், சில ஆட்டங்களில் ஜிஎம். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கேரக்டரை ஆடுவார்கள். அந்தக் கேரக்டர்களின் கூட்டம்தான் பார்ட்டி.

கேள்வி: டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆட்டத்தை 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளில் ஆடுகிறோம், நான்தான் டிஎம். ரோக் (திருடன் வகைக் கேரக்டர்) ஆடும் நண்பன் தன் கேரக்டரின் குறையாகப் பேராசையை எழுதியிருக்கிறான். பார்ட்டி தூங்கும்போது மற்றவர்கள் பையில் கை வைக்கிறான். பெட்டியை முதல் ஆளாகத் திறந்து பாதியை ஒளிக்கிறான். கேட்டால் "என் கேரக்டர் அப்படித்தான்டா" என்கிறான். கிளெரிக் (குணப்படுத்தும் மதகுரு) ஆடுபவர் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எப்படிச் சமாளிப்பது?

பதில்: பேராசையை விடுங்கள், அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். திருடியது ரோக்கின் பைக்குப் போகிறது, இழப்பு கிளெரிக்கின் தலையில் விழுகிறது. குறை என்று எழுதிய வரி அந்தக் கேரக்டரையே மாட்டிவிட வேண்டும். உங்கள் மேசையில் அது இலவசமாகக் கிடைத்த கூடுதல் திறமையாக நடந்துகொண்டிருக்கிறது.

பல டிஎம்கள் இந்த இடத்தில் கதைக்குள்ளேயே தண்டனை கொடுக்கப் பார்ப்பார்கள். விஷ ஊசி வைத்த பூட்டு, காவலர் படை, கையை வெட்டச் சொல்லும் நீதிபதி என்று போகும். வேலைக்கு ஆகாது. ஆடுபவர் அதையும் ஆட்டத்தின் பகுதி என்று எடுத்துக்கொண்டு அடுத்த முறை இன்னும் சாமர்த்தியமாகத் திருடுவார். கிளெரிக் ஆடுபவரின் கோபம் அப்படியே இருக்கும். இது ஆட்கள் நடுவே உள்ள சிக்கல். செஷன் தொடங்கும் முன், பகடையை ஓரமாக வைத்துவிட்டு, எல்லோர் முன்னிலும் பேசுங்கள்.

பேசி முடிவாக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இன்னொருவருடைய கேரக்டரின் மேல் திருட்டு, ஏமாற்று, அடிதடி எது செய்தாலும் முடிவைச் சொல்வது பாதிக்கப்படுபவர், பகடை அல்ல. ரோக் கிளெரிக்கின் பையில் கை வைத்தால் ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் (கைச்சாமர்த்தியம்) உருட்டச் சொல்லாதீர்கள். கிளெரிக் ஆடுபவரைப் பார்த்து, "முழித்துக்கொண்டாயா, தூங்கிவிட்டாயா?" என்று கேளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே "குறட்டை விடுகிறேன்" என்றால் திருட்டு நடக்கட்டும். "மணிக்கட்டைப் பிடிக்கிறேன்" என்றால் பிடிபட்டான். அதற்கு மேல் வாதம் இல்லை.

இரண்டு, டிஎம் காதில் கிசுகிசுப்பது, சீட்டு எழுதிக் கொடுப்பது எல்லாம் நிற்க வேண்டும். பெட்டியில் என்ன இருந்தது என்று மேசையில் எல்லோருக்கும் தெரியட்டும். கேரக்டர்களுக்குத் தெரியாவிட்டால் போதும். ஒளித்தது தெரிந்த பிறகுதான் அது மற்றவர்களுக்கும் வேடிக்கையாகும்.

இவை ஒத்துக்கொள்ளப்பட்ட பிறகு பேராசையின் விலையை ரோக் பக்கம் திருப்புங்கள். டி அண்ட் டியில் இதற்கு, இறந்தவரை எழுப்பும் ரிவிவிஃபை என்ற மந்திரம் அருமையான கருவி. இறந்து ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும், போடும்போது 300 தங்கக் காசு பெறுமான வைரம் கரைந்துபோகும். ஐந்தாம் லெவலில் கிளெரிக்குக் கிடைத்துவிடும். இனி காட்சியைப் பாருங்கள். பெட்டியில் 180 தங்கக் காசும் ஒரு வைரமும் இருப்பதாக டிஎம் சத்தமாகச் சொல்கிறார். ரோக் ஆடுபவர், "வைரத்தை பூட்ஸுக்குள் தள்ளிவிட்டு, 180 காசுதான் என்று கத்துகிறேன்" என்கிறார். மேசை சிரிக்கிறது. இரண்டு செஷன் கழித்து அதே ரோக் தரையில் செத்துக் கிடக்கிறான். கிளெரிக்குக்கு மந்திரம் இருக்கிறது, வைரம் இல்லை. பத்து ரவுண்டுக்குள், அதாவது அந்த ஒரு நிமிடத்துக்குள், யாராவது அவன் பூட்ஸைக் கழற்றிப் பார்ப்பார்களா? இதற்குத் தனி வில்லனே வேண்டாம். நீங்கள் எதையும் ஜோடிக்கவும் இல்லை.

இவ்வளவு சொல்லியும் அவர் மறுத்தால் குறையை மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஒருமுறை எழுதியதை மாற்றக்கூடாது என்று விதி எதுவும் கிடையாது. 2014 கையேட்டில் குற்றவாளி பின்னணிக்கான ஆறு குறைகளில், பணமா நண்பர்களா என்று வந்தால் பெரும்பாலும் பணத்தின் பக்கம் சாய்வதும் ஒன்று. அதைக் காட்டி, "புத்தகத்திலேயே இருக்கிறதே" என்று வாதாடுவார். ஒரே பார்ட்டியாக மாதக்கணக்கில் ஆடும் மேசைக்கு அது மோசமான வரி என்பது எங்கள் அபிப்பிராயம்.

கேள்வி: குறை என்ற இடத்தில் "பேராசைக்காரன்" என்று எழுதினேன். டிஎம் "இது போதாது" என்கிறார். வேறென்ன எழுத வேண்டும்?

பதில்: அவர் சொல்வது சரி. அந்த ஒற்றைச் சொல்லை வைத்து உங்களாலும் ஆட முடியாது, அவராலும் தூண்டில் போட முடியாது. எதன்மேல் ஆசை, எப்போது கிளறும், கிளறினால் என்ன செய்வான், எங்கே நிறுத்துவான், இந்த நான்கும் வரியில் இருக்க வேண்டும்.

"செத்துப்போன அரசர்களின் முத்திரை உள்ள காசைக் கண்டால் எடுக்காமல் நகர மாட்டேன், கூட்டத்தை விட்டுப் பிரிய நேர்ந்தாலும் சரி; பிணத்தின் கண்மேல் வைத்த காசை மட்டும் தொட மாட்டேன்." இதை ஆடலாம். "பேரம் முடிந்து கைகுலுக்கிய பிறகும் இன்னும் ஒரு காசு கேட்பேன்." சின்னதுதான், ஆனால் கடை, படகுத்துறை, லஞ்சம் வாங்கும் காவலன் என்று ஒவ்வொரு செஷனிலும் தலைகாட்டும். எங்களுக்கு இந்த இரண்டாவது வகை மேல். டிராகன் முட்டைமேல் ஆசை என்று எழுதினால் கேம்பெய்ன் (பல செஷன் தொடரும் கதை) முழுக்க ஒரு முறைதான் பயன்படும்.

நான்காவது பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நிற்கும் இடம் தெரியாத பேராசைக்காரனை மற்ற கேரக்டர்கள் கூட வைத்துக்கொள்ளக் காரணமே இருக்காது.

ஆசைக்குக் காரணம் எழுதுவதானால் தொகையாக எழுதுங்கள். "சிறுவயதில் வறுமை" என்பது டிஎம்முக்கு உதவாது. "கில்டுக்கு 1,500 தங்கக் காசு கடன், தங்கை பிணை" என்றால் கடன்காரன் எப்போது கதவைத் தட்டுவான் என்று அவர் திட்டம் போடலாம். கடன் அடைந்த அன்று ஆசை போகுமா, போகாதா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: பேராசையை நன்றாக ஆடினால் இன்ஸ்பிரேஷன் (டிஎம் பரிசாகத் தரும் சலுகை) தரலாம் என்கிறார்கள். எப்போது தருவது? டி அண்ட் டியின் 2024 புத்தகத்தில் குறை அட்டவணையே காணோமே?

பதில்: பெட்டியைத் திறந்ததற்காகத் தராதீர்கள். திறந்ததால் எதையாவது இழந்தால் தாருங்கள். இல்லாவிட்டால் புதையலும் கிடைத்து, அதற்குப் பரிசும் கிடைத்து, இரட்டைச் சம்பளம் ஆகிவிடும்.

2014 விதியில் இன்ஸ்பிரேஷன் ஒருவரிடம் ஒன்றுதான் இருக்கலாம், சேர்த்து வைக்க முடியாது. செலவழித்தால் தாக்குதல், சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்பும் உருட்டல்), எபிலிட்டி செக் (திறமைச் சோதனை) ஆகியவற்றில் ஒன்றுக்கு அட்வான்டேஜ். இரண்டு டி20 (இருபது முகப் பகடை) உருட்டிப் பெரியதை எடுக்கலாம். வேண்டுமானால் நன்றாக ஆடிய இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்கலாம். 2024இல் அது ஹீரோயிக் இன்ஸ்பிரேஷன் ஆகிவிட்டது. உருட்டிய எந்தப் பகடையையும் உடனே மறுபடி உருட்டலாம், புதிதாக விழுந்ததைத்தான் ஏற்க வேண்டும். பின்னணியோடு வந்த குறை அட்டவணைகள் அந்தப் புத்தகத்தில் இல்லை என்பது உண்மை. கேரக்டர் தாளில் நீங்களே ஒரு வரி எழுதிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

நடைமுறையில் பெரிய சிக்கல், டிஎம் மறந்துவிடுவது. மேசை நடுவில் ஆளுக்கு ஒரு டோக்கன் வையுங்கள்; தரச்சொல்லி முன்மொழியும் உரிமையை மற்ற ஆட்டக்காரர்களுக்குக் கொடுங்கள். பேராசையால் தொல்லைப்பட்டவரே "இதற்குத் தரலாம்" என்று சொன்னால் சரியாகத்தான் ஆடியிருக்கிறார் என்று அர்த்தம்.

கேள்வி: கர்ப்ஸ் என்ற ஆட்டத்தின் நான்காம் பதிப்பில் பேராசையைக் குறையாக எடுத்தால், கேரக்டரை உருவாக்கச் செலவழிக்கும் புள்ளிகளில் 15 திரும்பக் கிடைக்கிறது. எந்த எண்ணில் எடுப்பது லாபம்?

பதில்: கேள்வியிலேயே பேராசை தெரிகிறது. கணக்கைப் பார்ப்போம். செல்வம் கண்ணில் படும்போதெல்லாம் மூன்று ஆறுமுகப் பகடை உருட்டி, நீங்கள் தேர்ந்த எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் கட்டுப்பாடு. தாண்டினால் கேரக்டர் அந்தப் பணத்துக்காக வேண்டியதைச் செய்வான்.

எண் 15 என்றால் 7 புள்ளிதான், ஆனால் 95 சதவீதம் தப்பிப்பீர்கள். 12 என்றால் 15 புள்ளி, தப்பிப்பது 74 சதவீதம். 9 என்றால் 22 புள்ளி, 37.5 சதவீதம். 6 என்றால் 30 புள்ளி, தப்பிப்பது 9 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும்.

12ஐ எடுத்தவர்கள் நான்கில் ஒரு முறைதான் சறுக்குவோம் என்று நினைக்கிறார்கள். இன்னொரு விதியையும் சேர்த்துப் பாருங்கள். கேரக்டர் ஏழையாக இருந்து எதிரே பெரிய தொகை இருந்தால் ஜிஎம் எண்ணிலிருந்து 5 அல்லது அதற்கு மேலும் குறைக்கலாம். 12 அப்போது 7 ஆகிறது. தப்பிக்கும் வாய்ப்பு 16 சதவீதம். தொடக்கத்தில் எல்லோரும் ஏழைதான், அதனால் முதல் சில செஷன்களில்தான் அடி பலமாக விழும். எதிர்ப்பக்கமும் உண்டு: ஆள் பணக்காரனாகிவிட்டால் சில்லறைத் தொகை அவனை அசைக்காது. ஹானஸ்டி (நேர்மை) என்ற குறையும் கூடவே இருந்தால், சந்தேகத்துக்குரிய பேரம் என்றால் பேராசை உருட்டலுக்கு 5 கூடும், அப்பட்டமான குற்றம் என்றால் 10 கூடும். நேர்மையான பேராசைக்காரன் ஆட அலாதியானவன், முயன்று பாருங்கள்.

முதல்முறை என்றால் 12. ஒன்பதுக்குக் கீழே போனால் நீங்கள் ஆடுவதை விடப் பகடை ஆடுவதே அதிகமாகிவிடும். 6 என்பது ஜிஎம் நடத்தும் கேரக்டர்களுக்கே பொருத்தம். பிறகு சலித்தால் அதே புள்ளிகளைக் கட்டிக் குறையை விலைகொடுத்து நீக்கலாம். 9இலிருந்து 12க்கு ஏற 7 புள்ளி.

பேராசையும் கஞ்சத்தனமும் ஒன்றென்று குழம்ப வேண்டாம். கர்ப்ஸில் கஞ்சத்தனம் தனிக் குறை, 12க்கு 10 புள்ளி. பணம் வரும் இடத்தில் தடுமாறுபவன் முந்தியவன், போகும் இடத்தில் தடுமாறுபவன் பிந்தியவன்.

கேள்வி: பேராசைக்காரனுக்குத் தூண்டில் போடுவது எப்படி? மிமிக் வைத்துப் பார்த்தேன், இப்போது எல்லாப் பெட்டியையும் பத்தடி தள்ளி நின்று அம்பால் குத்துகிறார்கள்.

பதில்: பெட்டி வேடம் போடும் மிமிக்கை ஒரு கேம்பெய்னில் ஒரு முறைக்கு மேல் வைத்தால் அப்படித்தான் ஆகும். ஒளிந்திருக்கும் ஆபத்து சந்தேகத்தைத்தான் வளர்க்கும். ஆபத்தை வெளிப்படையாகக் காட்டுங்கள், விலையைச் சொல்லுங்கள், நேரத்தைச் சுருக்குங்கள். தெரிந்தே மாட்டிக்கொள்வதுதான் பேராசை.

இதற்கு மலிவான ஆயுதம் எடை. ஐந்தாம் பதிப்பில் எந்த உலோகமானாலும் 50 காசு ஒரு பவுண்டு. 200 தங்கக் காசு மதிப்பை நான்கு விதமாக வைக்கலாம்: 20 பிளாட்டினம் காசு (அரைப் பவுண்டு கூட இல்லை), 200 தங்கம் (4 பவுண்டு), 2,000 வெள்ளி (40 பவுண்டு), 20,000 செம்பு (400 பவுண்டு). ஒருவர் தூக்கக்கூடியது ஸ்ட்ரெங்த் (உடல்வலு) எண்ணைப் போல் 15 மடங்கு பவுண்டு. ஸ்ட்ரெங்த் 10 உள்ளவர் 150. அந்தச் செம்புக் குவியலைத் தூக்க மூன்று பேர் வேண்டும், அதுவும் வாளையும் கவசத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு.

விருப்ப விதியாக உள்ள என்கம்ப்ரன்ஸை (சுமை விதி) சேர்த்தால் இன்னும் கடிக்கும். ஸ்ட்ரெங்த்தின் 5 மடங்கைத் தாண்டினால் வேகத்தில் 10 அடி குறையும். 10 மடங்கைத் தாண்டினால் 20 அடி குறைந்து, ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன் உருட்டல்களில் டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். ஸ்ட்ரெங்த் 8 உள்ள ரோக்குக்கு அந்த எல்லைகள் 40, 80. பர்க்லர்ஸ் பேக் என்ற தொடக்கச் சாமான் மூட்டை மட்டுமே 40ஐத் தாண்டிவிடும்.

இப்போது அறையை அமையுங்கள். தண்ணீர் ஏறும் நிலவறை. ஆறு ரவுண்டில் கூரையைத் தொடும், வெளியேற இரண்டு ரவுண்டு. நடுவே திறந்த பெட்டியில் 3,000 வெள்ளி, மொத்தம் 60 பவுண்டு. ஒரு ஆக்‌ஷனுக்கு 250 காசு, அதாவது 5 பவுண்டு, அள்ளலாம் என்று மேசை விதி வையுங்கள். இத்தனையையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நான்கு ரவுண்டில் பத்திரமாக எடுக்கக்கூடியது 1,000 வெள்ளி, தங்கத்தில் 100. சாதாரண ஆள் மூன்றாம் ரவுண்டிலேயே கிளம்பிவிடுவான். பேராசைக்காரன் ஐந்தாவதிலும் குனிவான், எடை 80ஐத் தாண்டும், நீந்துவதற்கு உருட்டும்போது டிஸ்அட்வான்டேஜ். "இதைக் கீழே போட்டால் சாதாரணமாக உருட்டலாம்" என்று நினைவூட்டுங்கள். வழி திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் கொலைப்பொறி.

பேக் ஆஃப் ஹோல்டிங் என்ற மந்திரப் பையை வைத்திருக்கும் பார்ட்டிகள் எடை விதியைப் பார்த்துச் சிரிக்கும். அந்தப் பைக்கும் 500 பவுண்டு, 64 கன அடி என்று எல்லை உண்டு. மீறினால் கிழிந்து, உள்ளே இருந்தது எல்லாம் ஆஸ்ட்ரல் ப்ளேன் என்ற வேற்றுலகில் சிதறும். மேலே சொன்ன செம்புக் குவியலைப் பாதி நிரம்பிய பைக்குள் தள்ள நினைப்பவரிடம் "உள்ளே ஏற்கெனவே எவ்வளவு எடை?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்.

கேள்வி: பழைய டி அண்ட் டியில் தங்கம் எடுத்தால்தான் லெவல் ஏறுமாமே? அப்படியானால் பேராசை எப்படிக் குறையாகும்?

பதில்: அப்போது அது குறையே இல்லை. ஆட்டத்தின் இன்ஜினே அதுதான். 1974இல் தொடங்கி அந்தக் காலப் பதிப்புகளில் பத்திரமாகக் கொண்டுவந்த ஒரு தங்கக் காசுக்கு ஒரு எக்ஸ்பி, அதாவது லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி. 1978 ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் அட்டைப்படத்திலேயே சிலையின் கண்ணிலிருந்து ரத்தினத்தைப் பெயர்த்துக்கொண்டிருப்பார்கள். 1981 பேசிக் விதியில் திருடன் இரண்டாம் லெவலுக்கு 1,200 எக்ஸ்பி வேண்டும். ஓர்க் என்ற அரக்கன் ஒன்றைக் கொன்றால் 10தான். சண்டையைத் தவிர்த்து, ஏமாற்றி, புதையலோடு ஓடிவருவதே புத்திசாலித்தனம்.

ஒரு நுட்பம் உண்டு. அந்த விதியில் எக்ஸ்பி உயிரோடு திரும்பியவர்களுக்குள் சமமாகப் பிரியும். நண்பன் பையிலிருந்து திருடினால் காசு கிடைக்கும், எக்ஸ்பி கூடாது. பத்துக் காசு ஒரு பவுண்டு என்பதால் தூக்கிவரவும் நண்பர்கள் தேவை. எல்லோருடைய பேராசையும் ஒரே திசையில் இழுத்தது. இரண்டாம் பதிப்பு 1989இல் தங்கத்துக்கு எக்ஸ்பி என்பதை விருப்ப விதியாக்கியது. உங்கள் மேசையில் ஆள்மாறித் திருடுவது தொல்லையாக இருந்தால் பழைய விதியைச் சில செஷன் முயன்று பார்க்கலாம்.

கேள்வி: புதையலைப் பங்கிடுவதில் ஒவ்வொரு முறையும் அரைமணி நேரச் சண்டை.

பதில்: ஆட்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிப் பங்கு போடுங்கள். நால்வர் என்றால் ஐந்து பங்கு, ஐந்தாவது பொதுப் பணம். ரத்தினமும் கலைப்பொருளும் முழு விலைக்குப் போகும். சேதமில்லாத ஆயுதம், கவசம் பாதி விலைக்கு. 640 தங்கக் காசு, 250 பெறும் ஒரு சிலை, ஆயுதக் கிடங்கில் கிடைத்த 75 விலையுள்ள செயின் மெயில் கவசம் என்றால் மொத்தம் 927.5, ஆளுக்கு 185 தங்கமும் 5 வெள்ளியும். பொதுப் பணத்தில் ஹீலிங் போஷன் (50 தங்கம்), ரிவிவிஃபைக்கான வைரம். மந்திரப் பொருள்களைப் பணக்கணக்கில் சேர்க்காதீர்கள். யாருக்குப் பயன்படுமோ அவருக்கு, இருவர் கேட்டால் டி20, வென்றவர் அடுத்த முறை கடைசி.

பேராசைக்காரக் கேரக்டரைப் பார்ட்டியின் கணக்குப்பிள்ளை ஆக்கிவிடுங்கள். கதையில் அவன் ஒவ்வொரு செம்புக் காசுக்கும் முணுமுணுக்கட்டும். உண்மையான கணக்கு நோட்டு வேறொரு ஆட்டக்காரரிடம் இருக்கட்டும்.

கேள்வி: பேராசையை மையமாக வைத்தே ஒரு ஆட்டம் ஆட ஆசை. டி அண்ட் டி தவிர வேறு எது?

பதில்: ஃபேட் கோர் என்ற ஆட்டத்தில் பேராசையை ட்ரபிள் (கேரக்டரை விடாமல் துரத்தும் தொல்லை) ஆக எழுதலாம். ஜிஎம் ஒரு ஃபேட் பாயின்ட்டை நீட்டி "பெட்டியை விட மனமில்லை, சரிதானே?" என்பார். வாங்கினால் தொல்லை, மறுத்தால் உங்களிடமிருந்து ஒன்று போகும். அந்தப் புள்ளிதான் பிறகு உருட்டலில் +2 ஆகவோ மறு உருட்டலாகவோ உதவும். உண்மையான விளைவு இல்லாமல் சும்மா புள்ளி நீட்டினால் இது சப்பென்று போய்விடும்.

திருட்டுக் கும்பலாகவே ஆட வேண்டுமானால் 2017இல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க். கையில் 4 காயினுக்கு (அந்த ஆட்டத்தின் பண அலகு) மேல் வைத்திருக்க முடியாது; மீதியைச் செலவழிக்க வேண்டும் அல்லது ஸ்டாஷில் (ஓய்வுக்கான சேமிப்பு) போட வேண்டும். ஸ்டாஷிலிருந்து திரும்ப எடுத்தால் இரண்டுக்கு ஒன்றுதான் கைக்கு வரும். கேரக்டர் ஓய்வுபெறும் நாளில் ஸ்டாஷ் 10 வரை என்றால் நடுத்தெரு, 40 நிரம்பியிருந்தால் வசதியான வாழ்வு. ஆட்டத்தின் முதல் நாளிலேயே ஒவ்வொருவரும் எந்த எண்ணில் நிறுத்துவதாக உத்தேசம் என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், அழித்து எழுதுவார்கள்.